தொங்கு டிராப் ஃபைபரில் கோளாறா? எப்போது போகிறது என்று முதலில் கேளுங்கள்

"சிங்கப்பூர்ல ஏதுண்ணே தொங்கு கேபிள், எல்லாம் மண்ணுக்குள்ளதானே?" என்று ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகள் கேட்பதுண்டு. பெரும்பாலும் உண்மைதான். வீவக (அரசு வீடமைப்புக் கழக) புளோக்குகளில் ஃபைபர் நிலத்தடிக் குழாயில் வந்து, ரைசர் என்ற செங்குத்துக் குழாய்வழியில் ஏறி, வீட்டுச் சுவரிலிருக்கும் முனைப்பெட்டியில் முடிந்துவிடுகிறது. ஆனால் கட்டுமானத் தளத்தின் தற்காலிக அலுவலகம், வேலியோரக் கேமராக்கள், துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகை, லிம் சூ காங் பண்ணைகளின் உள்வளாகம் போன்ற இடங்களில் தோண்டவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. அங்கெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் டிராப் கேபிள், அதாவது வாடிக்கையாளர் முனைக்குப் போகும் கடைசிக் கேபிள், இழுத்துத்தான் வேலை நடக்கிறது. தற்காலிகம் என்று சொல்லி இழுத்தது வருஷக் கணக்கில் தொங்கும்.

புகார் வந்ததும் நம் ஆட்களின் கை முதலில் இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினைத்தான் தேடுகிறது. ஏறி, ஒட்டுகளை மூடிவைத்திருக்கும் குளோஷர் பெட்டியைத் திறந்து, இழையை வெட்டித் திரும்ப ஒட்டி, பவர் பார்த்தால் சரியாக இருக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே புகார். பல நேரம் பழைய ஒட்டில் ஒரு குறையும் இருந்திருக்காது. அதைச் சுற்றியிருந்த பெட்டியோ, கேபிளைப் பிடித்திருந்த கிளாம்போதான் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் இருந்திருக்கும். அதனால்தான் மெஷினை எடுக்குமுன் கேட்க வேண்டியது: எப்போது போகிறது? மழையிலா, காற்றிலா, உச்சி வெயிலிலா, யாராவது கை வைத்த பிறகா, போட்ட நாள் முதலேயா? பதிலைப் பொறுத்து நீங்கள் ஏற வேண்டிய கம்பமே மாறும்.

ஏணி போடுமுன்

பக்கத்து இணைப்புகளைப் பாருங்கள். ஒரு ஃபைபரைப் பலருக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் உங்களோடு இருக்கும் எல்லாமே போயிருந்தால் உங்கள் டிராப்பை விட்டுவிடலாம், கோளாறு அதற்கு மேலே. ஒன்று மட்டும் போயிருந்தால்தான் இந்தக் கட்டுரை உதவும்.

அடுத்து, வாடிக்கையாளர் பக்கக் கருவியான ஓஎன்டியின் முனையில், 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியின் பவரை அளந்துகொள்ளுங்கள். ஜிபான் (ஸ்பிளிட்டர் வழியாகப் பலர் பகிரும் ஃபைபர் வலை) பி-பிளஸ் வகைக் கருவி −27 டிபிஎம் (ஒளிப் பவரின் அளவு) வரை வாசிக்கும், −8க்கு மேல் போனால் திணறும். நடுவில் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலையத்துக் கருவியான ஓஎல்டி +3 டிபிஎம் அனுப்புகிறது, ஒன்றுக்கு முப்பத்திரண்டு ஸ்பிளிட்டர் சுமார் 17 டிபி (இழப்பின் அளவு) தின்னும், கேபிள் தூரத்துக்கு 1, கனெக்டர்களுக்கும் ஒட்டுகளுக்கும் சேர்த்து 1.5 என்றால் −16.5 வர வேண்டும். மீட்டர் −24 காட்டுகிறது, விளக்கும் பச்சையாக எரிகிறது என்றால் "ஓடுதே, சரி" என்று போய்விடாதீர்கள். எங்கோ ஏழு டிபி காணாமல் போயிருக்கிறது. அடுத்த மழையோ காற்றோ இன்னும் மூன்றை எடுத்தால் இணைப்பு செத்துவிடும்.

அப்புறம் கனெக்டரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். கிளிக் செய்யும் துடைப்பான் பேனா ஒன்று சட்டைப் பையில் இருந்தால் பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். கட்டுமானத் தளத்துச் சிமெண்ட் தூசி கனெக்டர் முகத்தில் ஒட்டினால் இழப்பு கூடுவதோடு, அழுத்திச் செருகும்போது கண்ணாடியையும் கீறும்.

ஒளித்துடிப்பை அனுப்பி எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியைப் போடுவதில் ஒரு எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் பான் (ஜிபான் போன்ற பகிர்வு) வலையில் வாடிக்கையாளர் முனையிலிருந்து 1310 அனுப்பாதீர்கள். எல்லா ஓஎன்டிகளும் மேல்நோக்கிப் பேசுவது அந்த அலைநீளத்தில்தான். பக்கத்து ஆட்களையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவீர்கள். ஒன்று, வடிகட்டி உள்ள 1625 அல்லது 1650 நானோமீட்டர் மாட்யூல் வேண்டும். இல்லாவிட்டால் டிராப்பை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, அந்தத் துண்டை மட்டும் 1310இலும் 1550இலும் சோதியுங்கள். டிராப் நாற்பது ஐம்பது மீட்டர்தான் என்பதால் பல்ஸின் நீளத்தைக் குறைத்து, முன்னால் லாஞ்ச் கேபிள் என்ற கூடுதல் ஃபைபர்த் துண்டு ஒன்றைப் போட்டால்தான் முதல் கனெக்டர் கண்ணுக்குத் தெரியும்.

உயரம் 3 மீட்டருக்கு மேல் என்றால் பெர்மிட் இல்லாமல் ஏறக்கூடாது. "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சூப்பர்வைசரே சொன்னாலும் சரி.

மழையில் போகிறது, காய்ந்ததும் வருகிறது

குளோஷரில் தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் எப்படி வந்தது என்று பார்க்காமல் ரப்பரை மட்டும் மாற்றினால் திரும்பவும் வரும்.

கண்ணாடி இழைக்குத் தண்ணீர் பட்ட உடனே சிக்னல் போய்விடாது. நல்ல ஃப்யூஷன் ஒட்டு (கண்ணாடியை உருக்கி இணைத்தது) ஸ்லீவ் என்ற காப்புக் குழலுக்குள் இருந்தால் பெட்டியில் தண்ணீர் நின்றால்கூட அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாள்பட ஈரத்திலேயே கிடந்தால் இழுவிசையில் இருக்கும் இழையின் நுண்கீறல்கள் வளர்ந்து உடையலாம், அது வேறு கதை. ஆகவே மழை பெய்த ஒரு மணி நேரத்துக்குள் பவர் விழுகிறது என்றால் அந்தப் பெட்டிக்குள் கனெக்டரோ மெக்கானிக்கல் ஸ்பிளைஸோ (உருக்காமல் முனைகளை முட்டவைத்துப் பிடிக்கும் இணைப்பு) இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு முகங்களுக்கு நடுவில் ஈரம் புகுந்து, காய்ந்ததும் விலகுகிறது. காயும்போது அழுக்கை விட்டுவிட்டுப் போவதால் ஒவ்வொரு மழைக்கும் பவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மழைக்கு முன் −19, மழையில் −26, காய்ந்தபின் −20, அடுத்த முறை காய்ந்தபின் −21.5 என்று போனால் வேறு எதையும் தேட வேண்டாம்.

தண்ணீர் வரும் வழி பெரும்பாலும் கேபிள் நுழையும் வாய்தான். குளோஷரோடு வரும் ரப்பர் அடைப்பு வட்டக் கேபிளுக்கு அளவெடுத்தது. நாம் இழுப்பதோ தட்டை டிராப், 8 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. தடிமன். வட்டத் துளையில் தட்டையைத் திணித்து எவ்வளவு முறுக்கினாலும் இரு ஓரத்திலும் மெல்லிய பிறைபோல இடைவெளி நிற்கும். ரப்பரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அந்தப் பிறை தெரியும். இன்சுலேஷன் டேப் சுற்றி அதை நிரப்பும் பழக்கம் இங்கே நிறைய. டேப்பின் பசை நம் வெயிலில் இளகி வழுக்கும், ஒரு மாதம் தாங்கினால் அதிகம். தட்டைக் கேபிளுக்கென்றே வெட்டிய அடைப்பு கிடைக்கிறது. ஜெல் சீல் உள்ள குளோஷர் என்றால் இன்னும் நல்லது, ஜெல் எந்த வடிவத்தையும் சுற்றிப் பிடிக்கும்.

சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குளோஷரில் இதே தவறு வேறு மாதிரி வரும். ஒரே வாயில் இரண்டு டிராப்களை நுழைத்துச் சூடுகாட்டினால் நடுவே முக்கோண ஓட்டை நிற்கும். அதற்கென்றுதான் கிளைக் கிளிப் தருகிறார்கள். அதை மாட்டினால் உருகிய பசை நடுவில் இறுகும். கிளிப் டூல் பாக்ஸின் அடியில் கிடக்கும், யாரும் போட மாட்டார்கள். அதோடு கப்பல் பட்டறையில் கேஸ் டார்ச் கொளுத்த ஹாட் வொர்க் பெர்மிட் எடுத்தாக வேண்டும். பெர்மிட்டுக்கு அலைய வேண்டுமே என்று அரைச் சூட்டில் நிறுத்திவிடுவது நடக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு முதலிலேயே மெக்கானிக்கல் சீல் வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். மறுபடி திறக்க வேண்டி வந்தால் ஷ்ரிங்க் குழாயை அறுத்துப் புதிது போட வேண்டும் என்பதும் இருக்கிறது. டிராப் குளோஷர் அடிக்கடி திறக்கப்படும் பொருள்.

பெட்டி நிற்கும் திசையையும் பாருங்கள். மணிபோன்ற டோம் வகைக் குளோஷர் கம்பத்தில் வாய் கீழ்நோக்கித்தான் நிற்க வேண்டும். கேபிள் மேலிருந்து நேராக வாய்க்குள் இறங்கினால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வந்து சேரும். நுழையுமுன் கேபிள் ஒருமுறை கீழே இறங்கி, அடியில் தண்ணீரைச் சொட்டவிட்டு, மேலேறி வர வேண்டும். இந்த வளைவுக்குச் செலவு ஒரு அடிக் கேபிள்.

சீல் உண்மையிலேயே பிடிக்கிறதா என்று சோதிக்க, வால்வு உள்ள டோமில் கொஞ்சம் காற்று ஏற்றி, வாய்களிலும் வளையத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். தயாரிப்பாளர் குறித்த அழுத்தத்துக்கு மேல் போகாதீர்கள், பொதுவாக 40 கிலோபாஸ்கல் போதும். சோதித்தபின் காற்றை விட்டுவிட்டுத்தான் கிளாம்பைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மூடி முகத்துக்கு வரும்.

சீல் செய்யாத, காற்றோட்டம் உள்ள குளோஷர் ஒன்றும் உண்டு. கேபிளைத் தாங்கும் மெசஞ்சர் கம்பியில் படுக்கையாகத் தொங்கும், பக்கவாட்டில் கதவுபோலத் திறக்கும். வான்வழியில் அது நல்ல பொருள். உள்ளே வேர்க்கும் ஈரம் தானாக வெளியேறும், திறந்து மூடுவது சுலபம். ஆனால் கேபிள் இறக்கத்தில் குழிக்குள் போகும் இடத்தில் மிச்சமிருந்த பெட்டி என்று அதையே வைத்துவிட்டால், முதல் பெருமழையில் தொட்டிதான். குழிக்குத் தண்ணீர் புகாத ஐபி68 சீல், கம்பத்துக்குக் காற்றோட்டம் என்று பிரித்து வாங்குங்கள். கனெக்டர் உள்ள பெட்டி எங்கே இருந்தாலும் சீல் வேண்டும்.

காற்றோட்ட வகையில் நம் ஊருக்கே உரிய தொல்லை எறும்பு. கதவைத் திறந்தால், இழைகளைச் சுருட்டிவைக்கும் ட்ரே முழுக்க மண்ணும் முட்டையும், எறும்புகள் கை முழுக்க ஏறும். அடாப்டருக்குள் மூடி போடாத துளை இருந்தால் அதற்குள்ளும் மண் அடைத்திருக்கும். எறும்பு மருந்தைக் குளோஷருக்குள் அடிக்காதீர்கள், அந்த எண்ணெய் கனெக்டர் முகத்தில் படியும். காலி வாய்களுக்குப் பிளக், காலி அடாப்டர்களுக்குத் தூசி மூடி, அவ்வளவுதான் மருந்து.

காற்றில் போகிறது, மழை விழுமுன்பே

இதை மழைக் கோளாறு என்று எழுதிவிடுவார்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் "மழை நேரத்துல போச்சு" என்றுதான் சொல்வார். அலாரம் நேரத்தை வாங்கி, வானிலை ஆய்வகத்தின் மழை ரேடார் படத்தோடு ஒப்பிடுங்கள். சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அடிக்கடி வரும், அதுவும் விடியுமுன்னோ காலையிலோ. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். காற்று முன்னால் வரும், மழை பின்னால். அலாரம் காற்றோடு வந்து, காற்று அடங்கியதும் தானாகப் போயிருந்தால் சீலைத் தொடாதீர்கள். கேபிளைப் பிடித்திருக்கும் இடங்களைப் பாருங்கள்.

காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட்டால் நம்ப முடியாது. மேலே சொன்ன தட்டை டிராப் மீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் எடை, அதாவது 0.35 நியூட்டன். 80 கிலோமீட்டர் காற்று அதன் அகன்ற முகத்தில் அடித்தால் மீட்டருக்குச் சுமார் 2.8 நியூட்டன். சொந்த எடையைப்போல எட்டு மடங்கு. இந்த விசை கடைசியில் வந்து சேருவது கிளாம்பில். கிளாம்ப் சரியில்லை என்றால் குளோஷரின் வாயில், அதுவும் விட்டால் ட்ரேயில் இருக்கும் மெல்லிய இழையில்.

தொய்வைப் பாருங்கள். கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அழகாக இருக்கிறது என்று தளத்து மேனேஜருக்குப் பிடிக்கும். 40 மீட்டர் இடைவெளிக்கு நடுவில் 40 சென்டிமீட்டர் தொய்வு விட்டால் காற்றில்லாத நேரத்தில் இழுவிசை 175 நியூட்டன். தொய்வை 80 சென்டிமீட்டராக்கினால் பாதி. 20 சென்டிமீட்டராகக் குறைத்தால் இரட்டிப்பு. கீழே லாரியும் கிரேனும் போகும் உயரத்தைக் கெடுக்காத அளவுக்குத் தொய்வு விடுங்கள். தட்டைக் கேபிள் காற்றில் துள்ளும் என்பதால் சில மீட்டருக்கு ஒருமுறை அதை முறுக்கிவிட்டுக் கட்டுவதும் நல்ல பழக்கம்; காற்று முழு நீளத்தையும் ஒரே முகத்தில் பிடிக்காது.

இப்போது குளோஷருக்குள். தட்டை டிராப்பின் இருபுறமும் இரண்டு கண்ணாடிநார்க் கம்பிகள் ஓடும், நடுவில் ஜெல் நிரப்பிய குழாய்க்குள் இழை மிதக்கும். இழுவிசை அந்தக் கம்பிகளில் இருக்க வேண்டும், இழையில் அல்ல. குளோஷரில் அந்தக் கம்பிகளைத் திருகி இறுக்க ஒரு பட்டை இருக்கும். அதில் பிடிக்காமல் உறையை மட்டும் கேபிள் டையால் கட்டிவிட்டுப் போனால், ஒவ்வொரு காற்றுக்கும் கேபிள் ஒரு மில்லிமீட்டர் வெளியே போய்த் திரும்பி வரும். ட்ரேயைத் திறந்து ஸ்லீவுக்குப் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். வட்டமாகச் சுருண்டிருக்க வேண்டிய இழை ஒரு பக்கம் விறைத்து ட்ரேயின் ஓரத்தில் அழுந்திக் கிடந்தால், அல்லது மறுபக்கம் தள்ளப்பட்டுக் கூர்மையாக மடங்கியிருந்தால், கேபிள் நகர்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே ட்ரேயில் ஒட்டை மட்டும் புதுப்பித்தால் அடுத்த சூறைக்காற்றுவரை ஆயுசு.

செய்ய வேண்டியது: கம்பத்தில் ஆப்பு வகை டிராப் கிளாம்ப், கேபிளின் அளவுக்குப் பொருந்தியது. கிளாம்புக்கும் குளோஷருக்கும் நடுவில் தளர்வான கேபிள், அதை மூன்று நான்கு சுற்று வளையமாக்கிக் கம்பத்தில் கட்டினால் குழாய்க்குள் இழை வழுக்குவதும் குறையும். குளோஷருக்குள் கம்பிகள் பட்டையில் இறுக வேண்டும். மெசஞ்சர் உள்ள எட்டு வடிவக் கேபிள் என்றால் மெசஞ்சரைப் பிரித்து அதைத்தான் கொக்கியில் கட்ட வேண்டும், ஃபைபர் பகுதி சும்மா கூடவே வர வேண்டும். இரண்டையும் சேர்த்து வளைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்தால் புகாருக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

உச்சி வெயிலில் தடுமாறுகிறது, ராத்திரி நன்றாக ஓடுகிறது

இங்கேதான் இணைப்பு முறை குற்றவாளி. நான்கு வழிகள் இருக்கின்றன. ஃப்யூஷன் ஒட்டு 0.05 டிபி அளவில் நிற்கும், கண்ணாடியும் கண்ணாடியும் ஒன்றாகிவிடுவதால் வெயில் மழை பார்க்காது. மெக்கானிக்கல் ஸ்பிளைஸ் 0.1 முதல் 0.3. களத்திலேயே கையால் மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் 0.3 முதல் 0.5. தொழிற்சாலையிலேயே முனை கட்டி வரும் கடினப்படுத்திய கனெக்டர் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் ஒவ்வொன்றும் சோதித்து வந்தது.

மெக்கானிக்கல் ஸ்பிளைஸிலும் ஃபாஸ்ட் கனெக்டரிலும் இரண்டு கண்ணாடி முனைகள் ஜெல்லின் நடுவே முட்டி நிற்கின்றன, ஓர் ஆப்புதான் பிடித்திருக்கிறது. கறுப்புக் குளோஷர் நேர் வெயிலில் தொட முடியாமல் கொதிக்கும். கேபிள் உறை பகலில் நீண்டு இரவில் சுருங்கும், நாள்தோறும். பிடி லேசாக இருந்தால் இழை மயிரிழை பின்வாங்கும், இடைவெளி திறக்கும், பிரதிபலிப்பு எகிறும். இரவில் திரும்ப முட்டும். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், "நோ ஃபால்ட்" என்று எழுதிவிட்டு வருவார்கள். இரண்டு மணிக்குப் போங்கள்.

என் கருத்து இதில் திட்டவட்டமானது: ஃபாஸ்ட் கனெக்டர் ஏசி போட்ட அறைக்குள் சுவர்ப் பெட்டியில் இருக்கட்டும், வெயில் படும் கம்பத்துக்கு வேண்டாம். வெளியில் ஃப்யூஷன், அல்லது ஒட்டிப் போடும் கனெக்டர். அடிக்கடி இடம் மாறும் தளக் கேமராக்களுக்குக் கடினப்படுத்திய கனெக்டரும் பல வாய்ப் பெட்டியும் விலை கூடினாலும் லாபம்தான். மேலே ஆள் ஏறி ட்ரே திறக்க வேண்டியதில்லை, திருகி மாட்டினால் முடிந்தது. கையால் இறுக்கினால் போதும், பிளையர் போட்டால் ரப்பர் வளையம் பிதுங்கும். ஒரு கம்பெனியின் கனெக்டர் இன்னொரு கம்பெனியின் வாயில் பொருந்தும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். காலி வாயின் மூடியைத் தொலைத்தால் அந்த வாய் போச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்யூஷன் போட்டும் வெயிலில் ஆட்டம் என்றால் ஸ்லீவைப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் சூட்டில் விரிந்து இழையை வளைக்கும். நம் ஈரக்காற்றில் இழையைத் துடைத்து உலர விடாமல் ஸ்லீவுக்குள் தள்ளினால் குமிழி நிச்சயம்.

போட்ட நாளிலிருந்தே பவர் குறைவு

டிராப்பை இரு முனையும் கழற்றி 1310இலும் 1550இலும் இழப்பை அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி அதிகம் என்றால் ஒட்டு அல்லது கனெக்டர். 1310இல் நல்லபடியாக இருந்து 1550இல் மட்டும் எகிறினால் எங்கோ மடங்கியிருக்கிறது. நீண்ட அலைதான் வளைவில் முதலில் வழியும். ஜி.652.டி என்ற பழைய வகை இழைக்கு வளைவு ஆரம் 30 மி.மீ.க்குக் குறையக்கூடாது. வளைவைத் தாங்கும் ஜி.657 வகையில் ஏ1 10 வரை, ஏ2 7.5 வரை தாங்கும். ஏ2 டிராப் வாங்கிவிட்டோம் என்று அலட்சியமாக மடக்குவார்கள், ஆனால் அதே ட்ரேயில் மறுபக்கம் வந்து ஒட்டும் கேபிள் பழைய 652 ஆக இருக்கும். ட்ரேயின் வட்டத்தைப் பழைய இழைக்கு ஏற்றபடி வையுங்கள். சிவப்பு லேசர் பேனாவை அடித்தால் மடிப்பு உள்ள இடம் ட்ரேயில் ஒளிரும். கேபிள் முனையை யாரும் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வகை இழையையும் ஒட்டினால் ஓடிடிஆரில் ஒரு பக்கத்திலிருந்து ஒட்டு லாபம் தருவதுபோலவும், மறு பக்கத்திலிருந்து பெரிய இழப்புபோலவும் காட்டும். ஒட்டு பவரைக் கூட்டாது. இரு திசையிலும் எடுத்துச் சராசரி பாருங்கள், அதற்குமுன் ஒட்டை வெட்டாதீர்கள்.

நீலக் கனெக்டரைப் பச்சையில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பச்சை ஏபிசி 8 டிகிரி சாய்ந்த முகம், நீலம் யுபிசி நேர் முகம். அடாப்டருக்குள் இரண்டும் ஒழுங்காகவே பூட்டிக்கொள்ளும், ஆனால் முகங்கள் சேராது. பல டிபி போகும், முகமும் கெடும். அவசரத்துக்கு லாரியில் கிடந்த பேட்ச் கார்டைப் போட்டவர்கள் விட்டுச்செல்லும் பரிசு இது.

பவர் நன்றாகவே இருக்கிறது, ஆனால் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது

பிரதிபலிப்பைச் சந்தேகியுங்கள். மோசமாக வெட்டிய மெக்கானிக்கல் ஸ்பிளைஸ், காற்று இடைவெளியுள்ள கனெக்டர். ஓடிடிஆரில் இழப்பு சின்னதாகவும் முள் உயரமாகவும் தெரியும். அதை வெட்டி ஃப்யூஷன் போட்டால் போதும். ஸ்பிளிட்டர் இல்லாத நேர் இணைப்பில் பவர் −8க்கு மேலே இருந்தால் நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் ஒன்று போடுங்கள்.

ஒரு வீட்டுக்கு வேலை செய்தோம், பக்கத்து இணைப்பு போனது

குளோஷர் தேர்வின் குற்றம். பன்னிரண்டு பேரின் ஒட்டுகளும் ஒரே ட்ரேயில், ஓடும் கேபிளின் வெட்டாத குழாயும் அதே கூடையில் இருந்தால், ஒவ்வொரு புதிய டிராப்புக்கும் எல்லோரின் இழையையும் அசைக்க வேண்டி வரும். டிராப் சேர்ந்துகொண்டே போகும் இடத்துக்கு, ஓடும் கேபிள் ஒரு பெட்டியில், டிராப்கள் கனெக்டர் வாயுள்ள இன்னொரு பெட்டியில் என்று பிரியுங்கள். ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் ட்ரேயை வேகமாகப் புரட்டாதீர்கள், கீல் பக்கம் இழை நசுங்கும். பவர் மீட்டரை அண்டை இணைப்பில் மாட்டி ஒருவர் கீழே நிற்கட்டும்.

உறை வெடித்திருக்கிறது, கடித்திருக்கிறது

வெள்ளை நிற உள்ளறை டிராப்பை வெளியில் இழுத்தால் வெயிலில் உறை வெளிறி, மொறுமொறுவென்று வெடிக்கும். கார்பன் கலந்த கறுப்பு உறைதான் வெளிக்கு. கட்டிடத்துக்குள் புகும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்து அங்கே உள்ளறைக் கேபிளுக்கு மாறுங்கள். அணிலோ எலியோ கடித்திருந்தால் அந்த நீளத்தை நெளிகுழாயில் நுழைப்பதும், மரக்கிளையை வெட்டச் சொல்வதும்தான் வழி. டேப் சுற்றுவதில் பயனில்லை.

இடி இடித்தபின் ஓஎன்டியே செத்துவிட்டது

உலகில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பது சரி, ஆனால் எட்டு வடிவக் கேபிளின் எஃகு மெசஞ்சரில் பாயும். அதைக் கொண்டுவந்து தகரக் கொட்டகையின் கொக்கியிலும், அங்கிருந்து ஓஎன்டி பெட்டியின் பக்கத்திலும் கட்டியிருந்தால் பாதை தயார். மெசஞ்சரைக் கம்பத்திலேயே நிறுத்தி எர்த் செய்யுங்கள், கட்டிடத்துக்குள் கம்பி எதுவும் நுழையக்கூடாது. புதிதாக இழுப்பதென்றால் கண்ணாடிநார்க் கம்பி மட்டுமே உள்ள தட்டை டிராப். எர்த் பண்ண எதுவும் இல்லாத கேபிளில் எர்த் மறந்துபோவதற்கும் வழியில்லை. ஓஎன்டி செத்தது ஃபைபர் வழியாகவா, பவர் அடாப்டர் வழியாகவா, கேமராவுக்குப் போகும் செப்புக் கேபிள் வழியாகவா என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கம்பம் ஏறுங்கள். ஈதர்நெட் வாய் மட்டும் கருகியிருந்தால் குற்றம் செப்புக் கேபிளில், அதற்கு சர்ஜ் புரொடெக்டர் போட வேண்டியது அந்தப் பக்கத்தில்.